சார்கோமா: கத்தி வைப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டிய இடம்

சார்கோமா என்ற புற்றுநோயின் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேள்விப்படுவது ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்த பிறகுதான். கொழுப்புக் கட்டிதான், எடுத்துவிடலாம் என்று சொல்லி எடுத்திருப்பார்கள், எடுத்ததை வழக்கம்போலப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருக்கும். அதற்குப் பிறகுதான் சிறப்பு மையத்தைத் தேடி ஓடுவது தொடங்கும். இந்த நோயில் அந்த ஓட்டம் ஆபரேஷனுக்கு முன்பே, சொல்லப்போனால் கட்டியிலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கும் முன்பே நடந்திருக்க வேண்டும். மற்றப் பல புற்றுநோய்களில் முதலில் அருகில் இருக்கும் இடத்தில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய மையத்துக்குப் போவதால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. இதில் வரலாம், சில சமயம் ஒரு காலையே இழக்கும் அளவுக்கு.

நாம் அதிகம் கேள்விப்படும் மார்பு, நுரையீரல், குடல், வாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உறுப்புகளின் மேல்படலத்திலோ சுரப்பிகளிலோ தொடங்குபவை. சார்கோமா அப்படியில்லை. உடம்பைத் தாங்கிப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிற திசுக்களில், அதாவது எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு, நரம்பைச் சுற்றிய உறை, ரத்தக்குழாயின் சுவர் இவற்றில் தொடங்குகிறது. வேறு உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதையும் பேச்சுவாக்கில் எலும்புப் புற்றுநோய் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது வேறு நோய், அதற்கான சிகிச்சையும் வேறு. எண்ணிக்கையில் பார்த்தால் எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோயைவிட, எலும்புக்குப் பரவி வருவதுதான் மிக அதிகம்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் 1 சதவீதம்தான். குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் அதன் பங்கு கூடுதல், பத்தில் ஒன்றுக்கும் மேல். இந்தச் சிறிய பங்கும் ஒரே நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில், புற்றுநோயல்லாத சாதுவானவையும் சேர்த்து, தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் கட்டிகளும் எலும்புக் கட்டிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எனவே திறமையான ஒரு பொது அறுவை மருத்துவர்கூடத் தன் பணிக்காலம் முழுவதிலும் சில சார்கோமாக்களைத்தான் பார்த்திருப்பார், அதிலும் ஒரே வகையை இரண்டாவது முறை பார்க்காமலே ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருடைய கண்ணுக்கும் கைக்கும் இந்த நோய் பழக்கப்பட வாய்ப்பே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எலும்பில் வருபவற்றில் முக்கியமானவை மூன்று. ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் பதின்வயதில், எலும்பு வேகமாக வளரும் இடங்களில் வருகிறது: தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, தோளுக்குக் கீழே கை எலும்பின் மேல்முனை. முட்டியைச் சுற்றித்தான் அதிகம். ஈவிங் சார்கோமாவும் இளவயது நோய்தான், இடுப்பெலும்பு, தொடை, விலா எலும்புகளில் வரும், சில சமயம் காய்ச்சலோடு வந்து எலும்பில் சீழ் பிடித்தது போலவே ஏமாற்றும். காண்ட்ரோசார்கோமா குருத்தெலும்பிலிருந்து வருவது, நடுத்தர வயதிலும் அதற்கு மேலும்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். மென்திசு சார்கோமாக்களோ உடம்பில் எங்கு வேண்டுமானாலும் வரும், தொடையில் அதிகம், வயிற்றின் பின்பகுதியில் வந்தால் பல கிலோ எடைக்கு வளரும்வரை வெளியே தெரியாமலும் போகும்.

முட்டி வலிக்கிறது என்று ஒரு பதினாலு வயதுப் பிள்ளை சொன்னால் யாருக்கும் முதலில் புற்றுநோய் நினைவுக்கு வராது, வர வேண்டும் என்றும் இல்லை. விளையாட்டில் அடிபட்டது, வளர்கிற வயசு வலி என்பதுதான் பெரும்பாலும் உண்மை. ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலி, ஓய்வெடுத்தாலும் விடாத வலி, வாரக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே காலில் நீடிக்கிற வலி, அதோடு வீக்கம், இவை இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அடிபட்டதால் இந்த நோய் வருவதில்லை. அடிபட்ட பிறகுதான் அந்த இடத்தைக் கவனிக்கிறோம், அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். அப்படி முடிச்சுப் போட்டதாலேயே நீவி விடுவதிலும் கட்டுப் போடுவதிலும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. மென்திசுக் கட்டிக்கு வேறு கணக்கு. அங்கே வலி இல்லாததுதான் ஏமாற்றும். 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, தோலுக்கு அடியில் நழுவாமல் ஆழத்தில் தசையோடு இருக்கும் கட்டி, ஒரு தடவை எடுத்த இடத்திலேயே மறுபடி வந்த கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலே ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. உடம்பில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது சாதுவானவைதான், பயப்படச் சொல்லவில்லை. மீதி ஒன்றைப் பிரித்தறியத்தான் இந்த ஸ்கேன்.

இனி பயாப்ஸி. சார்கோமா சிகிச்சையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் அதிகம் சேதம் விளைவிப்பதும் இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டிக்குள் ஊசியோ கத்தியோ போய் வந்த பாதை முழுவதிலும் புற்றணுக்கள் ஒட்டியிருக்கக்கூடும். எனவே பின்னால் நடக்கப்போகும் பெரிய ஆபரேஷனில் அந்தப் பாதையையும், அதற்கு மேலே உள்ள தோல் தழும்பையும், கட்டியோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பதுதான் வழக்கம். அப்படியானால் பயாப்ஸி எடுக்கிறவருக்கு, பெரிய ஆபரேஷனில் எந்த இடத்தில் எந்தக் கோட்டில் வெட்டப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கை காலில் வெட்டு நீளவாக்கில்தான் இருக்க வேண்டும். குறுக்காக ஒரு சின்ன வெட்டு போட்டால் தழும்பு அழகாக ஆறும், ஆனால் அதை எடுக்க வேண்டி வரும்போது காலின் சுற்றளவில் பெரும்பகுதித் தோல் போய்விடும். தொடையின் முன்பக்கத் தசையில் இருக்கும் கட்டிக்குப் பின்பக்கமாக ஊசி செலுத்தினால், அதுவரை சுத்தமாக இருந்த பின்பக்கத் தசையும் எடுக்க வேண்டிய கணக்கில் சேர்ந்துவிடும். முக்கியமான ரத்தக்குழாய், நரம்பு பக்கமாகப் போய்விட்டால் அவற்றையும் காப்பாற்ற முடியாமல் போகலாம். ரத்தக் கசிவை நன்றாக நிறுத்தாவிட்டால் அந்த ரத்தமே புற்றணுக்களைச் சுற்றுப்புறத்துக்கு எடுத்துச் செல்லும். எம்ஆர்ஐ முதலில், பயாப்ஸி பிறகு என்ற வரிசைக்கும் காரணம் உண்டு: ஊசி போட்ட பிறகு ஏற்படும் ரத்தக்கட்டும் வீக்கமும் படத்தில் கட்டியின் எல்லையை மறைத்துவிடும். இன்று பெரும்பாலும் படம் பார்த்தபடியே தடித்த ஊசியால் நூல் போன்ற திசுத் துண்டுகளை எடுத்துவிடுகிறார்கள், வெட்டே தேவைப்படுவதில்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் செல்கள் மட்டும் பெரும்பாலும் போதாது, திசுவின் அமைப்பு தெரிய வேண்டும்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க எலும்பு அறுவை நிபுணர் ஹென்றி மேன்கினும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இல் 329 நோயாளிகளின் பயாப்ஸிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 18.2 சதவீதம் பேருக்கு நோய் இன்னதென்று சொல்வதிலேயே பெரிய தவறு நடந்திருந்தது. 4.5 சதவீதம் பேருக்கு, பயாப்ஸியில் நேர்ந்த கோளாறு காரணமாகத் தேவையே இல்லாமல் கையோ காலோ அகற்றப்பட்டிருந்தது. 1996-இல் 597 நோயாளிகளை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் நிலைமை பெரிதாக மாறவில்லை, தேவையில்லாத அகற்றல் 3 சதவீதம். இறுதிச் சிகிச்சை தரும் மையத்தில் பயாப்ஸி எடுக்காமல், அங்கே அனுப்பி வைத்த மருத்துவமனையிலேயே எடுத்திருந்தால் தவறுகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தன. அந்த எண்ணுக்குப் பிறகும் முதலில் ஊசி போட்டுவிட்டு அனுப்பலாம் என்று நினைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பயாப்ஸியே இல்லாமல் நேராகக் கட்டியை எடுத்துவிடுவது இதைவிட மோசம். சார்கோமா வளரும்போது சுற்றியுள்ள திசுவை அழுத்தித் தள்ளுவதால் அதைச் சுற்றி ஒரு உறை போல உருவாகிறது. அறுவை மருத்துவர் திறந்து பார்க்கும்போது அந்த உறை தெளிவாக, பளபளவென்று தெரியும், விரலை விட்டு வழித்தால் கட்டி முழுசாகக் கழன்று கையில் வந்துவிடும். சுலபமாக முடிந்த ஆபரேஷன் போலத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையான உறை இல்லை, அதிலேயே புற்றணுக்கள் ஊடுருவியிருக்கும், அதையும் தாண்டி அருகிலுள்ள திசுவிலும் இருக்கலாம். உறையை உள்ளேயே விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்தால் நோயின் ஒரு பகுதியை விட்டுவிட்டுத் தைத்தாகிறது. இப்படித் திட்டமில்லாமல் எடுத்த இடத்தை மறுபடி திறந்து எடுத்துப் பார்க்கும்போது பெரும் பங்கு நோயாளிகளுக்கு மிச்சக் கட்டி கிடைக்கிறது. சரியான முறை என்பது கட்டியைக் கண்ணாலேயே பார்க்காமல், அதைச் சுற்றி நல்ல திசுவின் ஒரு வரம்போடு சேர்த்து எடுப்பது. அந்த வரம்பை மார்ஜின் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் நோயாளி முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய் இன்னதென்று சொல்லும் பெத்தாலஜிக்கும் இதே கதைதான். கண்ணாடித் துண்டில் எல்லாம் நீல நீலமாகச் சின்ன உருண்டைச் செல்கள் என்றால் அது ஈவிங்காக இருக்கலாம், தசை வகையான ராப்டோமயோசார்கோமாவாக இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஐரோப்பாவில் மூன்று பகுதிகளில் முதலில் சொன்ன முடிவையும் பிறகு சார்கோமா நிபுணர்கள் பார்த்துச் சொன்ன முடிவையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். முழுமையாக ஒத்துப்போனது 56 சதவீதம்தான், மற்றவற்றில் பெரும்பாலும் வகையிலோ தீவிரத்திலோ வேறுபாடு, 8 சதவீதத்தில் முழுக்கவே வேறு. இதைத் தீர்ப்பதற்கு மரபணுச் சோதனை நிறைய உதவுகிறது. ஈவிங் சார்கோமாவில் 11-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்வது பெரும்பாலானோரிடம் இருக்கும், மென்திசு வகைகளில் ஒன்றான சினோவியல் சார்கோமாவுக்கு வேறொரு இணைப்பு உண்டு. அந்த இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டால் விவாதம் முடிந்தது. எனவே ரிப்போர்ட் கையில் இருந்தாலும் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளையும் வாங்கிச் சார்கோமா பார்க்கிற பெத்தாலஜிஸ்டிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. சிறப்பு மையங்கள் அதைத் தாமாகவே செய்கின்றன.

சிறப்பு மையம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. எலும்பு மற்றும் மென்திசுப் புற்று அறுவை நிபுணர், படத்தைப் படிக்கிற ரேடியாலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், தேவைப்பட்டால் பிளாஸ்டிக் சர்ஜன், ரத்தக்குழாய் சர்ஜன், இயன்முறை மருத்துவர் என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் படங்களைப் பார்த்து, கத்தி வைப்பதற்கு முன்பே, எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பதுதான் அது. பிரான்ஸில் 2010 முதல் இதற்கென்று நாடு தழுவிய வலையமைப்பு இருக்கிறது. அங்கே பார்த்ததில், இந்த மையங்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாக இருந்தன. இங்கிலாந்தில் எலும்பு சார்கோமா அறுவையை ஐந்தே மையங்களில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் மையத்துக்கும் தூரம் கூடுகிறது, உண்மைதான், ஆனால் செய்கிற கை ஒவ்வொரு வாரமும் அதையே செய்கிற கையாக இருக்கிறது.

சிகிச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு ஆஸ்டியோசார்கோமாவே சாட்சி. கனடாவின் டெரி ஃபாக்ஸுக்கு 1977-இல், 18 வயதில், முட்டிக்கு மேலே கால் அகற்றப்பட்டது. 1980-இல் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது, 1981-இல் இறந்துபோனார். கால் எடுத்தும் ஏன் பரவியது என்றால், கண்டுபிடிக்கும் நேரத்திலேயே பெரும்பாலானோருக்குப் படத்தில் தெரியாத அளவில் நோய் ரத்தம் வழியாக நுரையீரலை எட்டியிருக்கிறது. ஆபரேஷன் மட்டும் செய்த காலத்தில் ஐந்தில் ஒருவர்கூடப் பிழைப்பது அரிது. கீமோ உண்மையிலேயே உதவுகிறதா என்ற சந்தேகத்தை 1986-இல் வெளியான ஒரு சோதனை தீர்த்துவைத்தது: ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் இரண்டாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம், கீமோவும் சேர்த்துக்கொண்டவர்களில் 66 சதவீதம். இன்று பரவாத நிலையில் வருகிறவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் நெடுநாள் பிழைக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுக்கும் வழக்கம் வந்த விதம் சுவாரஸ்யமானது. 1970-களில் நியூயார்க்கில் ஜெரால்ட் ரோசன் காலத்தில், காலைக் காப்பாற்ற உலோகச் செயற்கை எலும்பு ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது, வந்து சேர வாரங்கள் பிடித்தன. சும்மா காத்திருப்பதற்குப் பதில் மருந்தைத் தொடங்கினார்கள். பிறகு எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் மருந்து எவ்வளவு கொன்றிருக்கிறது என்று கணக்கிட முடிந்தது. 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி என்ற அளவுகோல் இன்றைக்கும் நிற்கிறது. சரி, குறைவாகச் செத்திருந்தால் மருந்தைக் கூட்டலாமே? அதைத்தான் யூராமோஸ் என்ற சோதனை பார்த்தது. அபூர்வ நோய் என்பதால் 17 நாடுகள் சேர்ந்து 2,260 பேரைத் திரட்ட வேண்டியிருந்தது. மருந்தைக் கூட்டியதில் பக்கவிளைவுதான் கூடியது, பலன் கூடவில்லை. இப்படி இல்லை என்று தெரிந்துகொள்வதும் பெரிய விஷயம், எத்தனையோ பிள்ளைகளை வீண் மருந்திலிருந்து அது காப்பாற்றுகிறது.

கால் எடுக்காமல் முடியுமா என்ற கேள்விதான் குடும்பங்கள் முதலில் கேட்பது. இன்று சிறப்பு மையங்களில் பெரும்பாலோருக்கு முடிகிறது. நோய் பிடித்த எலும்புத் துண்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கிறார்கள், வளரும் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டக்கூடிய உலோக எலும்பும் வந்துவிட்டது. அவர்களுடைய எலும்பையே வெளியே எடுத்து, அதிகக் கதிர்வீச்சு கொடுத்தோ திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோ புற்றணுக்களைக் கொன்று, திரும்ப அதே இடத்தில் பொருத்துகிற முறையும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் ஒன்று பார்ப்பதற்கு அதிர்ச்சியாக இருக்கும். முட்டிப் பகுதியை நோயோடு எடுத்துவிட்டு, முக்கிய நரம்பை மட்டும் அறுக்காமல் வைத்துக்கொண்டு, கீழ்க்காலை 180 டிகிரி திருப்பித் தொடை எலும்போடு இணைத்துவிடுவார்கள். குதிகால் முன்னால் பார்க்கும், கணுக்கால் முட்டி இருந்த இடத்தில் முட்டியாக வேலை செய்யும், பாதம் செயற்கைக் காலுக்குள் நுழைந்துகொள்ளும். பாதத்தைக் கீழே நீட்டினால் செயற்கைக் கால் நிமிரும், மேலே மடக்கினால் மடங்கும். முதலில் பெற்றோர் ஏற்றுக்கொள்ளச் சிரமப்படுவார்கள். ஆனால் உலோகம் தேயும், உடையும், மறுபடி மாற்ற வேண்டும் என்ற கவலை இதில் குறைவு, ஓடவும் சைக்கிள் ஓட்டவும் முடிகிறது. இந்த வாய்ப்பைப் பற்றிக் குடும்பத்திடம் பேசக்கூடிய, இதைச் செய்து பழகிய குழு எங்கும் இருப்பதில்லை. கை கால் அகற்றுவதே சரியான சிகிச்சையாக இருக்கும் சில பேரும் இருக்கிறார்கள், அதை நேர்மையாகச் சொல்வதும் அந்தக் குழுவின் வேலைதான்.

மென்திசு சார்கோமாவில் காலைக் காப்பாற்றும் வழியைக் கதிர்வீச்சு திறந்தது. 1982-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 43 பேரை வைத்து நடந்த சோதனையில், கால் அகற்றியவர்களும் கட்டியை மட்டும் வரம்போடு எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் உயிர்வாழ்வதில் வேறுபடவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு கொடுப்பதா பின்பு கொடுப்பதா என்பதில் 2002-இல் கனடாவில் தெளிவு கிடைத்தது: முன்பு கொடுத்தால் புண் ஆறுவதில் சிக்கல் 35 சதவீதம், பின்பு கொடுத்தால் 17. ஆனால் முன்பு கொடுக்கும்போது அளவும் பரப்பும் குறைவு, வருடங்கள் கழித்துக் கால் விறைத்துப்போவதும் குறைவு. எது யாருக்கு என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. காண்ட்ரோசார்கோமாவின் வழக்கமான வகையோ கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பெரிதாக அசைவதில்லை, முதல் ஆபரேஷன் முழுமையாக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்துகளில் நம்பிக்கையும் ஏமாற்றமும் கலந்தே இருக்கின்றன. இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டிக்கு வழக்கமான கீமோ வேலை செய்யவே இல்லை. அதன் பின்னால் இருக்கும் கிட் மரபணு மாற்றம் 1998-இல் தெரியவந்தது, இமாட்டினிப் மாத்திரையை 2000-இல் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள், 2002-இல் அமெரிக்காவில் அனுமதி வந்துவிட்டது. வகையைச் சரியாகப் பிரித்தறிவதன் பலன் இதுதான். மறுபக்கம் ஒலாராட்டுமாப் என்ற சார்கோமா மருந்து, சிறிய சோதனையில் பிரமாதமாகத் தெரிந்து 2016-இல் விரைவு அனுமதி பெற்றது, பெரிய சோதனையில் பலனில்லை என்று 2019-இல் தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் சினோவியல் சார்கோமாவுக்கு, நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட திசுப் பொருத்தம் உள்ளவர்களுக்குத்தான் அது, ஆனாலும் இந்த நோயில் அது பெரிய செய்தி.

எல்லாவற்றுக்கும் மையத்துக்கே போய்க் கிடக்க வேண்டுமா என்றால், வேண்டாம். பயாப்ஸி, திட்டம், ஆபரேஷன், பெத்தாலஜி இவை அங்கே. கீமோவின் பல சுற்றுகள், இயன்முறைப் பயிற்சி, ரத்தப் பரிசோதனை இவற்றை அந்தக் குழுவோடு பேசி வீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் நடந்துவிட்டது என்றாலும் போகாமல் இருந்துவிடக் கூடாது. திட்டமிட்டு மறுபடி எடுத்து, தேவைப்பட்டால் கதிர்வீச்சும் கொடுத்துப் பலரைக் காப்பாற்றுகிறார்கள். போகும்போது ஸ்லைடுகளும் மெழுகுக் கட்டைகளும், ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன்களின் படங்கள் முழுமையாக அடங்கிய சிடி, ஆபரேஷன் குறிப்பு, இவ்வளவும் கையில் இருக்க வேண்டும், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. இளவயதினர் என்றால் கீமோ தொடங்கும் முன்பே விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பு பற்றிக் கேட்டுவிட வேண்டும். அவசரத்தில் விடுபட்டுப்போகிற கேள்வி இது, தொடங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

சிகிச்சை முடிந்த பிறகும் மையத்தோடு தொடர்பு விடாது. முதல் இரண்டு மூன்று வருடம் சில மாதங்களுக்கு ஒரு முறை ஆபரேஷன் செய்த இடத்தையும் நெஞ்சையும் பார்ப்பார்கள், அப்புறம் இடைவெளி கூடும். நெஞ்சைப் பார்ப்பதற்குக் காரணம், திரும்பி வந்தால் பெரும்பாலும் நுரையீரலில்தான் வரும் என்பது. ஒன்றிரண்டு புள்ளிகளாக இருக்கும்போதே பிடித்து ஆபரேஷனில் எடுத்துவிட்டால், நுரையீரலுக்குப் பரவிய பிறகும் முழுதாகக் குணமானவர்கள் இருக்கிறார்கள். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்கு இதயத்தை எக்கோ செய்து வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்குக் காது கேட்கும் திறனையும்.